தீர்ந்தால் எரியும் விளக்கு

1

இந்தக் கதை வாழ்த்துரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பிரசவத்தில் ஏதோ கோளாறாகிக் கதையாகிவிட்டது.

சிங்காநல்லூரில் 'இயந்திர அன்பர் பேரவை' என்று ஒன்று இருக்கிறது. (இல்லை. தேடிப் போகாதீர்கள், நான் உண்டாக்கியதுதான். ஆனால் உங்கள் தெருவிலும் இப்படி ஒன்று இருக்கும். தலைவர் பெரிய மோதிரம் போட்டிருப்பார், மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.) அதன் தலைவர் ஆறுச்சாமி என்னை போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க எழுத்தாளரே, நம்ம அமிர்தராஜு வண்டிக்கு ஒரு லைட்டுக் கண்டுபுடிச்சிருக்காருங்க. பெட்ரோலு தீரப்போகுதுன்னா எரியுமுங்க. ஞாயித்துக்கெழமை பொன்னாடை போத்தறோம். விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் கனமா இருக்கோணும்."

"இப்ப வர்ற கார்லயெல்லாம் அந்த லைட்டு இருக்குதேங்க?"

"அது கம்பெனிக்காரன் போட்டதுங்க. இது நாம செஞ்சது."

இதற்கு மேல் கோயமுத்தூரில் எதிர்வாதம் கிடையாது. கடையில் கிடைக்கிற பொருளைக் கடையில் வாங்குகிறவனை எங்கள் ஊர் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்க்கும். கை இருக்கிறது, பக்கத்துத் தெருவில் லேத் இருக்கிறது, அப்புறம் எதற்கு வாங்குகிறாய் என்று கேட்கும்.

எழுத உட்கார்ந்தேன்.

'அறிவியல் வானில் சிங்கை தந்த செஞ்சுடரே, எரிபொருளின் இறுதி மூச்சை முன்னறிந்து' —

அடித்தேன்.

'இருளில் தவிக்கும் மானுடத்துக்கு ஒரு சிறு சிவப்பொளியை' —

மானுடம் எங்கே தவித்தது? பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கிறது. அடித்தேன்.

'அந்த விளக்கு முதன்முதலாக எரிந்தபோது வண்டியில் அமிர்தராஜ் இல்லை.'

இது நன்றாக இருந்தது. ஆனால் வாழ்த்துரையில் இப்படி ஒரு வரி வராது. யார் இருந்தார்கள், எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்றெல்லாம் கேட்டு அது என் சட்டையைப் பிடித்து இழுத்தது. இழுத்த பக்கம் போய்விட்டேன். ஆறுச்சாமி மன்னிக்க வேண்டும்.

2

முதலில் அமிர்தராஜ். அறுபதை எட்டிப் பார்க்கிற வயது. ஒரு நூற்பாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து, ஆலை மூடியதும் ஒரு பம்புசெட் பட்டறையில் ஆலோசகர் ஆனவர். பட்டறையில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் எல்லோரும் மரியாதையாக மேலே பார்ப்பார்கள். தண்ணீர் கொதிக்கிறது என்று அவர் வாயில் வராது. 'திரவம் ஆவிநிலையை நெருங்குது' என்பார். 'தொழில்நுட்ப ரீதியாப் பாத்தா' என்று ஆரம்பிக்காமல் அவர் தோசைகூடக் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஊசியோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு பலூன் நடந்து வந்ததுபோல இருந்தது.

ஆனால் பலூனுக்குப் பக்கத்தில் ஷைலா இருந்தார்.

ஷைலா, அமிர்தராஜின் மனைவி. பங்குக் கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். காரில் இரண்டாம் சீட். ஐம்பது தாண்டிய பிறகு யாருக்கும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு அதைக் கணவரின் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தவர். அன்றிலிருந்து ஷைலா ஓட்டும்போதெல்லாம் அமிர்தராஜ் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். மிதித்து மிதித்து அந்த இடத்தில் கால்மிதி தேய்ந்துபோயிருக்கிறது.

ஷைலாவுக்கு ஒரே ஒரு ஆசை.

"ஒருக்கா தனியா ஓட்டீட்டுப் போகோணுமுங்க."

"எங்க போகோணும்?"

"எங்கயும் இல்லீங்க. தனியாப் போகோணும்."

அமிர்தராஜுக்கு இது விளங்கவில்லை. சேருமிடம் இல்லாத பயணம் தொழில்நுட்ப ரீதியாக எரிபொருள் விரயம். அதுபோக, அந்தப் பழைய வெள்ளைக் காரில் பெட்ரோல் முள் செத்து வருஷக்கணக்காகிறது. டேங்க் நிரம்பினாலும் பாதி, வறண்டாலும் பாதி.

"அந்த முள்ளு பொய் சொல்லுது அம்மணி. டேங்குல எத்தனை இருக்குதுன்னு எனக்கு மனசுல ஒரு கணக்கு ஓடும். உனக்கு ஓடாது. நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா?"

"நிக்காதுங்க."

"நின்னுபோச்சுன்னா?"

"நின்னுபோச்சுன்னா சாவிய நீங்களே வெச்சுக்குங்க. அப்பறம் நான் கேக்கவே மாட்டனுங்க."

எங்கள் பக்கம் சண்டையும் மரியாதையாகத்தான் நடக்கும். அந்த 'ங்க' என்பது கொதிக்கிற பாத்திரத்தின் மேல் வைத்த மூடி. உள்ளே என்ன கொதித்தாலும் வெளியே லேசாக ஆவி மட்டும் வரும்.

இந்தக் கதையின் பந்தயம் அந்தச் சாவிதான், வாசகர் மறந்துவிட வேண்டாம். ஒரே ஒரு தடவை நடுரோட்டில் நின்றால் போதும். ஷைலா ஆயுசுக்கும் இரண்டாம் சீட்.

3

அமிர்தராஜ் விளக்குச் செய்யத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். மானுடத்துக்காக இல்லை, மனைவிக்காக. ஆறுச்சாமியின் காதில் விழுந்ததும் அது கண்டுபிடிப்பாகிவிட்டது.

அது வேலை செய்யும் விதத்தை அமிர்தராஜ் சொன்ன மாதிரி சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். நான் சொல்கிறேன்.

மிளகளவு ஒரு மணி. தெர்மிஸ்டர் என்பார்கள். பின்சீட்டைத் தூக்கி, டேங்கின் மூடியைத் திறந்து, அந்த மணியை அடிப்பக்கமாகத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு பல்புக்கு வயர் இழுத்தார். பெட்ரோலில் முழுகிக் கிடக்கும்வரை மணி குளிர்ந்திருக்கும், கரண்டை மறிக்கும். பெட்ரோல் இறங்கி மணி காற்றில் தலைநீட்டினால், அதில் கசிகிற கொஞ்சக் கரண்டே அதைச் சூடாக்கும். சூடேறினால் மணி மனமிளகி வழிவிடும், பல்பு எரியும். அவசரப்படாத சாதனம். வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கினாலும் பதறி எரியாது, ஒரு பெருமூச்சு நேரம் யோசிக்கும். அணைவதற்கும் அதே பெருமூச்சு.

முழுகியிருக்கும்வரை குளிர்ந்து கிடந்து, தனியே விட்டால் சூடேறுகிற ஜீவன்.

(இந்த வரியை ஷைலாவுக்கு உவமையாக்கலாம் என்று கை துடித்தது. மிகையாகும் என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொல்வதும் ஆக்குவதுதான் என்பது எனக்குத் தெரியும்.)

பல்புக்கு மேல் ஒரு சிவப்புக் கண்ணாடி மூடி. பழைய ஆலையில், மெஷின் ஓடினால் எரிகிற விளக்கின் மேல் இருந்தது. குன்றிமணியை உருக்கி ஊற்றியதுபோல் இருக்கும்.

முதல் வரைவில் இந்த இடத்தில் வண்டி வெடித்தது. பெட்ரோல் டேங்குக்குள் வயர் விடுகிற ஒருவரை எழுதும்போது அது இயல்பாக வருகிற ஆசை. புகை அடங்கிப் பார்த்தால் கதையில் யாருமே இல்லை. அதனால் வெடிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அமிர்தராஜ் வயர் வேலையில் சுத்தம். கோளாறு அவருடைய வாக்கியங்களில்தான்.

வேலை முடிந்ததும் ஷைலாவைக் கூப்பிட்டு விளக்கினார்.

"இங்க பாரு அம்மணி. திரவ மட்டம் உணரியோட நிலைக்குக் கீழ போறப்ப, அதோட மின்தடை தன்னிச்சையாக் கொறைஞ்சு, சுற்று நிறைவடைஞ்சு, முகப்புல அது காட்சி வடிவமா வெளிப்படும். புரிஞ்சுதா?"

"சரிங்க."

கொங்குநாட்டில் 'சரிங்க' என்றால் புரிந்தது என்று பொருள். புரியவில்லை, விடுங்கள் என்றும் பொருள். அடுப்பில் குக்கர் விசிலடிக்கிறது என்றும் பொருள். அன்றைக்குக் குக்கர்தான்.

'எரிஞ்சா பெட்ரோல் போடு.' இவ்வளவுதான் விஷயம். அத்தனை பெரிய உரையில் இதற்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

அமிர்தராஜ் மணியையும் பல்பையும் ஒரு டம்ளர் பெட்ரோலில் சோதித்திருந்தார். மணியை முக்கினால் இருள், எடுத்தால் ஒளி. பேரவைக்காரர்கள் கைதட்டினார்கள். ஆனால் வண்டிக்குள் மாட்டிய பிறகு அது எரிந்து அவர் பார்த்ததில்லை. டேங்கை வறள விடுகிற மனிதர் இல்லை அவர். டேங்கைத் திறந்து மணியை மாட்டியபோது வடித்த பெட்ரோலில் கொஞ்சத்தைத்தான் திரும்ப ஊற்றியிருந்தார். மீதியை விழா முடிந்து ஊற்றலாம் என்று பட்டறையில் வைத்துவிட்டு வந்ததும், அதை ஷைலாவிடம் சொல்லாமல் விட்டதும் ஏற்புரையின் மயக்கத்தில் நடந்தவை.

4

விழாவுக்கு முந்தின நாள். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து ஊரைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்த காலைநேரம். அமிர்தராஜ் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொன்னாடைக்குத் தோளைச் சாய்த்துப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சோமனூர் வரைக்கும் போயி தங்கச்சியப் பாத்துட்டு வாரேனுங்க. தனியா."

"இந்த எளியவனைப் பொருட்படுத்தி" என்று கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டே, அமிர்தராஜ் கையை மட்டும் ஆட்டினார். கையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஷைலா முடிவு செய்தார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட்டில் ஒரு தூக்குப்போசி, நிறைய அரிசிம்பருப்புச் சோறு. வளைவில் கவிழ்ந்துவிடக் கூடாதே என்று ஷைலா அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார். போசி பிரேக் மிதிக்கவில்லை. 'ஏய் லாரி லாரி' என்று கத்தவில்லை. இவ்வளவு நல்ல துணையோடு ஷைலா இதுவரை எங்கும் போனதில்லை.

எழுதுகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. பின்சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன்.

ஒண்டிப்புதூர் தாண்டும்போது அது நடந்தது. முதலில் அதை எரிவது என்றே சொல்ல முடியவில்லை. அணையப்போகிற நெருப்புக் கங்கினை யாரோ கண்ணாடிக்குள் இருந்து மெல்ல ஊதுவதுபோல், ஒரு செம்மை வந்தது. தயங்கியது. பிறகு நிலைத்தது. ஸ்டியரிங் சக்கரத்தின் வலப்பக்கம், சரியாக ஷைலாவின் கண்மட்டத்தில், சிவப்பாக, அசையாமல்.

ஷைலா சிரித்தார்.

சிரித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரை ஏமாளி என்று நினைத்துவிடுவீர்கள். சோமனூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். தோட்டத்து மோட்டார் ரூம்பில் ஒரு பல்பு இருக்கும். அது எரிந்தால் த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது, இனி வாய்க்காலில் தண்ணீர் ஓடும். கோயிலில் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ஆண்டவர் உள்ளே இருக்கிறார். பெரிய வெள்ளியன்று மட்டும் அது இருக்காது, அன்றைக்குக் கோயில் ஆளில்லாத வீடுபோல் இருக்கும். வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ். பிறந்ததிலிருந்து அவர் பார்த்த சிவப்பு விளக்கெல்லாம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இருக்கிறது.

இப்போது கணவர் செய்த விளக்கும் அதையே சொல்கிறது. பெட்ரோல் இருக்கிறது. நான் இருக்கிறேன். போ.

முதல் பங்க் வந்தது. வெயிலில் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்து ஷைலா பரிதாபப்பட்டார். அடுத்த பங்க்கும் வந்து, பின்னால் போனது.

சூலூர்க் குளம் வந்தது. காற்று தண்ணீரின் மேல் விரல் வைத்து எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தது. (இதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. எனக்கு அழிப்பது அவ்வளவு அழகாக வராது.) தூரத்தில் காற்றாலைகள் தூக்கத்தில் நீந்துகிறவர்களைப்போல் கைகளை வீசிக்கொண்டிருந்தன. மேகநிழல் ஒன்று ரோட்டைக் கடந்து, காரின் மேல் ஏறி, இறங்கி, தென்னந்தோப்புக்குள் போய்விட்டது. கார் ஓடுவதாகவே தெரியவில்லை. ஊர்தான் இரண்டு பக்கமும் மெதுவாகப் பின்னால் மிதந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சிவப்பு விதை, ஒரு பெண், பெல்ட் போட்ட ஒரு போசி.

ஷைலா பாட ஆரம்பித்தார். கோயிலில் பாடுகிற பாட்டுத்தான். ஆனால் இரண்டாம் குரல் இல்லை, முதல் குரல். அது தனக்கு வரும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

அந்த விளக்கின் அர்த்தம் எனக்குத் தெரியும். முன்னால் குனிந்து, 'அம்மணி, அது தீர்ந்துபோச்சுன்னு சொல்லுதுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதை ஏதாவது ஒரு பங்க்கில் ஒதுங்கி நின்றிருக்கும். பாட்டும் நின்றிருக்கும். பாட்டுக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5

சோமனூருக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள் இருக்கிற கிளைரோட்டில், என்ஜின் ஒருமுறை விக்கியது. இன்னொரு முறை விக்கியது. பிறகு பேச்சை மறந்தவர்போல் நின்றுவிட்டது. கார் மட்டும் மூச்சில்லாமல் கொஞ்சதூரம் உருண்டு, ஒரு வேப்பமரத்தடிக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. என்ஜின் சத்தம் போன இடத்தில் தறிச்சத்தம் நிறைந்தது. நூறு பேர் ஒரே கதையைக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகச் சொல்வதுபோல் ஒரு சத்தம்.

விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

குடோனிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். தலையெல்லாம் பஞ்சு ஒட்டி, நரைக்கு முன்பே நரைத்த மாதிரி இருந்தது. பெயர் சென்னியம்மாள்.

"ஏனுங்க அம்மணி, நின்னுபோச்சுங்களா?"

"ஆமாங்க. எதுக்குன்னே தெரியலீங்க."

சென்னியம்மாள் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தார். "லைட்டு எரியுதுங்களே."

"அதானுங்க எனக்கும் புரியல."

"பெட்ரோலு இருக்குதுங்களா?"

"லைட்டு எரியுதேங்க."

"ஆமா. எரியுது." சென்னியம்மாளும் ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் அந்தச் சிவப்பைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிகிற விளக்கைச் சந்தேகப்பட இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

"சித்தெ ஆட்டிப் பாக்கலாமுங்க" என்றார் சென்னியம்மாள்.

பின்பக்கம் போய் இருவரும் காரை அசைத்தார்கள். உள்ளே களக் களக் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"காலிக் கொடமுங்க அம்மணி."

"அப்ப லைட்டு?"

"யாரு மாட்டுனதுங்க?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

சென்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. "இருக்கறப்ப கம்முனு இருந்துபோட்டு இல்லாதப்ப எரியற லைட்டுங்களா இது? எங்க ஊட்டுக்காரரும் அப்புடித்தானுங்க. சட்டீல சோறு இருந்தா வாயே தொறக்க மாட்டாரு. இல்லீன்னா பாக்கோணும், மொகமெல்லாம் செவந்துபோயிரும்."

ஷைலாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்த நீள உரை ஞாபகத்துக்கு வந்தது. திரவ மட்டம். கீழே போகும்போது. வெளிப்படும். சிரிப்பு பாதியில் நின்றது.

ஓ.

அதுக்கா எரிஞ்சே?

6

இப்போது ஷைலாவின் நிலைமையைப் பாருங்கள். விளக்கு எரிந்தது என்று சொன்னால், எரிந்தும் நிறுத்தாமல் போனவள் என்று சாவி போய்விடும். எரியவில்லை என்று சொன்னால் பழி விளக்கின் மேல் விழும், சாவி பிழைக்கும், ஆனால் நாளைக்குப் பொன்னாடை கிடையாது. ஒரு பக்கம் சாவி, ஒரு பக்கம் சால்வை. நடுவில் ஒரு குன்றிமணி.

நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: சென்னியம்மாளின் மொபட்டிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல். ஷைலா தங்கையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. சுத்தமான முடிவு. ஷைலாதான் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டிலைக் கையில் கொடுத்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏனுங்க, திருட்டுத்தனமா ஓட்டறதுக்கா லைசென்ஸ் எடுத்தேன்?" பாட்டிலை மொபட்டுக்கே திருப்பி ஊற்றிவிட்டேன்.

இரண்டாம் முடிவு: 'லைட்டு எரியலீங்க.' இதை ஆசை ஆசையாக எழுதினேன். விழா மேடையில் பொன்னாடையைத் திரும்ப மடிக்கிறார் ஆறுச்சாமி. மடிப்பு ஒழுங்காக வரவில்லை. இல்லாத பழுதைத் தேடி அமிர்தராஜ் ஆயுசெல்லாம் அந்தச் சுற்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். என் ஊசி இறங்கிய இடங்களிலேயே நயமான இடம் அது. எழுதி முடித்துத் திரும்பப் படிக்கும்போது நாலாம் பகுதியில் நானே எழுதிய ஒன்று தடுக்கியது. 'சரியாக ஷைலாவின் கண்மட்டத்தில்.'

அமிர்தராஜ் நெட்டையான ஆள். அவருக்கு அந்த இடம் வசதியே இல்லை, குனிந்து பார்க்க வேண்டும். அப்படியானால் இடம் குறிக்கும்போது அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, உடம்பைச் சுருக்கி, மனைவியின் உயரத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். நான் திட்டமிட்டு எழுதியதில்லை அது. கை போன போக்கில் வந்தது. பலூன் என்று நினைத்த ஆள் எனக்குத் தெரியாமல் இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு என்னால் அவரைக் குத்த முடியவில்லை. இரண்டாம் முடிவையும் கிழித்தேன்.

மூன்றாவது, உண்மையைச் சொல்வது. அதை நான் எழுதவில்லை. ஷைலா போனை எடுத்துவிட்டார்.

7

"ஏனுங்க."

"சித்தெ இரு அம்மணி, 'மானுடம்'கறதுக்கு அப்பறம் என்ன போடறதுன்னு" —

"லைட்டு எரியுதுங்க."

மறுமுனையில் மானுடம் நின்றது.

"என்னது?"

"உங்க லைட்டுங்க. எரியுது."

"நெசமாவா? வண்டியில மாட்டி அது எரிஞ்சே நான் பாத்ததில்லையே! எப்புடி எரியுது? துடிக்குதா?"

"இல்லீங்க. நின்னு எரியுது. ரொம்ப அழகா இருக்குதுங்க."

"எரியுதா!" என்றார் அமிர்தராஜ் மறுபடியும். 'ரீதியாக' இல்லை, 'காட்சி வடிவம்' இல்லை. "ஐயோ, எரியுதா!" குழந்தை நடந்துவிட்டதைப் போனில் கேட்கிற அப்பன் குரல். அந்தக் குரலை இத்தனை பக்கம் எழுதியும் நான் கேட்டதில்லை. அவர் மகிழ்ச்சி தறிச்சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது. ஷைலா அதை முழுசாகக் கேட்டுமுடித்தார்.

பிறகு, மெதுவாக, எரிந்தால் என்ன அர்த்தம் என்பது அமிர்தராஜுக்கு உறைத்தது.

"ஏன் அம்மணி. வண்டி ஓடுதா?"

"நிக்குதுங்க. சோமனூர்ப் பக்கத்துல."

"லைட்டு எப்ப எரிய ஆரம்பிச்சுது?"

"ஒண்டிப்புதூர்லங்க."

"அப்பறம் வழியில எத்தனை பங்க்கு! நிறுத்திப் போடறதுக்கென்ன?"

"எரிஞ்சா இருக்குதுன்னு நெனச்சனுங்க" என்றார் ஷைலா. மூடி லேசாகத் தூக்கிக்கொண்டது. "தோட்டத்து மோட்டார் ரூம்புல எரிஞ்சா கரண்டு இருக்குதுன்னு அர்த்தம். கோயில்ல எரிஞ்சா ஆண்டவர் இருக்காருன்னு அர்த்தம். உங்க மில்லுல இந்தச் செவப்பு எரிஞ்சா மிசினு ஓடுதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒண்ணு இல்லைங்கறதுக்குப் போயி வெளக்கு எரியும்னு நான் எங்கீங்க கண்டேன்?"

"நான்தான் சொன்னனே. சீட்டைத் தூக்கிக் காட்டி, அத்தனை நேரம்" —

"சொன்னீங்க. நானும் சரிங்கன்னேன்."

"ஆலைல ஓடுனா எரியும்" என்றார் அமிர்தராஜ், தனக்குத்தானே சொல்வதுபோல். "ஆமா. ஓடுனாத்தான் எரியும்." பிறகு, "பஸ்ஸுல வாரேன். அங்கயே இரு."

சாவியைப் பற்றி இருவருமே எதுவும் சொல்லவில்லை.

8

பேட்டரி இறங்கிவிடும் என்று சென்னியம்மாள் சொல்லியும் ஷைலா சாவியைத் திருகி விளக்கை அமர்த்தவில்லை. அதை அமிர்தராஜ் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்.

அமிர்தராஜ் வந்தார். ஏற்புரைக்குப் போட்டுப் பார்த்த வெள்ளைச் சட்டை, கையில் பெட்ரோல் கேன், பின்னாலிருந்து தள்ளுகிற காற்று. இறங்கி நடந்து வருகிறாரா, காற்று தூக்கிவந்து வைக்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு நடை. நேராக ஷைலாவின் ஜன்னலுக்கு வந்து, நெடிய உடம்பை மடக்கிக் குனிந்து, மனைவியின் கண்மட்டத்திலிருந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார். ஷைலா கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார். அந்த வெளிச்சத்தில் கணவரின் முகம் பாதி சிவந்திருந்தது.

"நின்னுதான் எரியுது" என்றார்.

"நான்தான் சொன்னனே" என்றார் ஷைலா.

அமிர்தராஜ் பின்னால் போய்ப் பெட்ரோல் ஊற்றினார். உள்ளே அந்த மணி மறுபடி முழுகுகிற சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. கேனை டிக்கியில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு காரைச் சுற்றி முன்னால் வருகிறார்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுகிறேன்.

டிரைவர் சீட்டில் ஷைலா இருக்கிறார், இரண்டு கையும் சக்கரத்தில். சாவி அதன் இடத்தில் இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்து அமிர்தராஜ் சாவிக்குக் கையை நீட்டலாம். சொன்ன சொல் சொன்னதுதான், ஷைலாவும் மறுக்க மாட்டார். பக்கத்து சீட்டில் போசி பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தேய்ந்த கால்மிதியின் மேல் காலை வைத்து அவர் உட்காரலாம். அல்லது பின்கதவு. பின்சீட்டில் நான் இருக்கிறேன். அவர் அங்கே உட்காருவதாக இருந்தால் இதோ, இறங்கிக்கொள்கிறேன். சென்னியம்மாளிடம் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஆறுச்சாமிக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் போய்விடுவேன்.

அவர் கை ஒரு கதவின் பிடியில் இருக்கிறது. எந்தக் கதவு என்பதை நான் எழுதவில்லை. உங்களிடம் விடுகிறேன்.

ஷைலா அவரைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இனி அது இருண்டிருந்தால்தான் இருக்கிறது என்று அர்த்தம். பழகக் கொஞ்சநாளாகும். சிவப்பு மங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அது பதறி அணைகிற விளக்கு இல்லை, உங்களுக்குத் தெரியும். மணி குளிர ஒரு பெருமூச்சு நேரம் பிடிக்கும்.

அதற்குள் சொல்லுங்கள்.